ராணியின் தலையும் மட்டக்களப்புச் சீலும்

இலங்கையின் முதலாவது தபால் முத்திரை 1857 ஏப்ரல் 1ஆம் திகதி வெளிவந்தது. பெறுமதி ஆறு பென்ஸ். ஊதா கலந்த கபில நிறம், நீலம் பாரித்த தாள், நடுவில் இடப்பக்கம் பார்த்தபடி விக்டோரியா மகாராணியின் தலை. ஓரத்தில் துளைகள் கிடையாது. கந்தோரில் இருப்பவர் கத்தரிக்கோலால் வெட்டித்தான் கொடுக்க வேண்டும்.

ஏன் முதலில் ஆறு பென்ஸ்? ஒரு பென்னி, இரண்டு பென்ஸ் என்று சின்னப் பெறுமதியில் தொடங்கியிருக்கலாமே? காரணம் எளிது. அரை அவுன்ஸ் கடிதமொன்றை இங்கிலாந்துக்கு அனுப்ப அன்றைய கட்டணம் ஆறு பென்ஸ். ஒரு நாட்டின் முதல் முத்திரை, அந்த நாட்டுக்குள் கடிதம் போடுகிறவர்களுக்காக அச்சடிக்கப்படவில்லை. தோட்டத்துரை தன் தாய்க்கும், மிசனரி தன் சபைக்கும், அதிகாரி லண்டனுக்கும் எழுதுவதற்காக வந்தது. சின்னப் பெறுமதி முத்திரைகள் அதே ஆண்டு யூலைக்குப் பிறகுதான் ஒவ்வொன்றாய் வந்து சேர்ந்தன. 'சிலோன்', 'போஸ்ரேஜ்' என்று ஆங்கிலத்தில் இருக்கும். பெறுமதியும் ஆங்கிலத்தில் இருக்கும். அந்தப் பென்ஸ் காலத்து முத்திரைகளில் ஒரு தமிழ் எழுத்தோ சிங்கள எழுத்தோ கிடையாது.

மட்டக்களப்பிலிருந்து இங்கிலாந்துக்குக் கடிதம் போவது அந்தக் காலத்தில் லேசான காரியமும் இல்லை. இங்கே ரயில் வந்ததே 1928இல்தான். கல்லடிப் பாலம் திறந்தது 1924இல். அதற்கு முன்னர் கல்லடிப் பக்கம் போவதென்றால் வாவியைத் தோணியில் கடக்க வேண்டும். கரையோரமாய் ஆறுகளையும் முகத்துவாரங்களையும் தாண்டிக் கால்நடையாகத் தபால் சுமந்தவர்கள் இருந்தார்கள். கப்பல் ஏறும் இடம் கொழும்பும் அல்ல, காலி. கொழும்புத் துறைமுகத்துக்கு அலைதடுப்பணை கட்டி முடியும்வரை நீராவிக் கப்பல்கள் காலிக்குத்தான் வந்து போயின. ஆக, ராணியின் தலை ஒட்டிய கடிதம் பாதித் தீவைச் சுற்றிய பிறகுதான் கடலையே காணும்.

இந்த முத்திரைகளை இன்றைக்கு உலகம் முழுக்கச் சேகரிக்கிறார்கள். அதுவும் சும்மா இல்லை. பூதக்கண்ணாடி, பற்கள் எண்ணுவதற்கு ஒரு அளவுகோல், நீர்க்குறி பார்க்க ஒரு கறுப்புத் தட்டம் என்று தொழில் மாதிரி நடத்துகிறார்கள். ஒரே பெறுமதி, ஒரே நிறம், ஒரே தலை. ஆனாலும் ஒன்று ஐந்நூறு ரூபாய்க்கும் மற்றது ஐந்து லட்சத்துக்கும் போகலாம். வித்தியாசம் எங்கே என்று கேட்டால், "தகட்டில்" என்பார்கள். இந்தத் தகட்டு விசயத்தைக் கொஞ்சம் விளங்கிக்கொண்டால்தான் நாங்கள் சொல்ல வருவதைச் சொல்ல முடியும்.

இலங்கைக்கு முதல் முத்திரைகளை அச்சடித்துக் கொடுத்தது லண்டனில் இருந்த பேர்க்கின்ஸ் பேக்கன் கொம்பனி. 1840 மே மாதம் உலகின் முதல் முத்திரையான பென்னி பிளாக்கை அச்சடித்ததும் அவர்களே. அதன் மூலவர் யேக்கப் பேர்க்கின்ஸ் ஒரு அமெரிக்கர். வங்கி நோட்டுகளைக் கள்ளத்தனமாய் அச்சடிக்க முடியாதபடி செய்ய ஒரு வழி கண்டுபிடித்து, 1819இல் இங்கிலாந்துக்கு வந்து கடை விரித்தவர்.

அவருடைய வழி இதுதான். மென்மையான உருக்குத் துண்டொன்றில் செதுக்குக் கலைஞர் ஒருவர் ராணியின் தலையைக் கண்ணாடி விம்பமாகச் செதுக்குவார். ஒரு தலைதான், மாதக்கணக்கான வேலை. பிறகு அந்தத் துண்டை நெருப்பில் காய்ச்சிக் கடினமாக்குவார்கள். அதன்மேல் மென்மையான உருக்கு உருளை ஒன்றைப் பெரும் அழுத்தத்தோடு உருட்டினால் தலை உருளையில் மேடாய் ஏறும். இப்போது உருளையைக் கடினமாக்குவார்கள். கடைசியில் அந்த உருளையைப் பெரிய மென்மையான தகட்டின் மேல், ஒவ்வொரு இடமாக, முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டி அழுத்துவார்கள். பென்னி முத்திரைத் தகடென்றால் ஒரு வரிசைக்கு 12, இருபது வரிசை, மொத்தம் 240 தரம். 240 பென்ஸ் சேர்ந்தால் ஒரு பவுண். ஒரு வரிசை ஒரு சிலிங். கந்தோரில் கணக்குப் பார்க்கச் சுகம்.

இங்கேதான் மனிதக் கை வருகிறது. 240 தரம் கையால் அழுத்தும் ஒருவருக்கு எல்லாத் தரமும் ஒரே மாதிரி வராது. ஒன்று கொஞ்சம் ஆழம் குறையும், ஒன்று அரை மில்லிமீற்றர் விலகும். சரி வராததை மறுபடி அதே இடத்தில் அழுத்துவார்கள். பழைய கோடு முழுக்க அழியாமல் புதிய கோட்டுக்குப் பக்கத்திலே இரட்டையாய்த் தெரியும். சேகரிப்பாளர்கள் இதை மறுபதிவு என்கிறார்கள். பிரிட்டனின் சிவப்புப் பென்னியில் 75ஆம் தகட்டில் ஒரு மறுபதிவு, மூலைகளில் கோடுகள் கதிர்போல விரிந்து பிரிட்டிஷ் கொடி மாதிரித் தெரிவதால் 'யூனியன் யாக்' என்றே பெயர் எடுத்துவிட்டது.

அதைவிடக் கூத்து எழுத்துகளில் நடந்தது. பென்னி பிளாக்கின் கீழ் மூலைகளில் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். முதல் வரிசை ஏ-ஏ, ஏ-பி என்று போய், கடைசி வரிசை ரி-எல் இல் முடியும். கள்ள முத்திரை அடிப்பவரைச் சிக்கவைக்கிற ஏற்பாடு. தலையை உருளை பதித்தது. எழுத்துகளை ஒரு தொழிலாளி சுத்தியலும் உளியச்சும் கொண்டு ஒவ்வொன்றாக அடித்தார். ஒரு தகட்டுக்கு 480 அடி. ஒருநாள், சிவப்புப் பென்னிக்கான 77ஆம் தகட்டில், இரண்டாவது வரிசையின் முதல் முத்திரைக்கு 'பி' அடித்தவர் 'ஏ' அடிக்க மறந்துவிட்டார். அவருக்குப் பசித்திருக்கலாம், யாராவது கூப்பிட்டிருக்கலாம். அந்த மறதிக்குத்தான் இன்றைக்குப் பெரும் விலை.

77 என்ற எண்ணுக்கு என்ன ராசியோ தெரியாது. 1864இல் தகட்டு எண்ணையே முத்திரையின் இரு பக்கக் கோலத்துக்குள் பொடி எழுத்தில் செதுக்கிப் புதிய வரிசை சிவப்புப் பென்னி வந்தபோது, 71 முதல் 225 வரை எண்கள் போயின. அதில் 77ஆம் தகடு சரியாய் வரவில்லையென்று ஒதுக்கப்பட்டது. எப்படியோ அதிலிருந்து கொஞ்சத் தாள்கள் வெளியே போய்விட்டன. விரல் விட்டு எண்ணக்கூடிய சிலவே இன்று மிஞ்சியிருக்கின்றன. கோடிக்கணக்கில் அச்சடித்து உலகெங்கும் குப்பைபோலக் கிடக்கும் சிவப்புப் பென்னியில், அந்தப் பொடி எண் இரண்டு ஏழாக இருக்கிறதா என்று நூறு வருசத்துக்கு மேலாகச் சனம் தேடிக்கொண்டிருக்கிறது.

இதைப் பணக்காரப் பைத்தியம் என்று தள்ளிவிடுவது சுலபம். நாங்கள் தள்ளத் தயாரில்லை. ஏனென்றால் இந்தப் பைத்தியத்துக்குள் ஒரு நல்ல வரலாற்று முறை ஒளிந்திருக்கிறது. பெயர் தெரியாத ஒரு தொழிலாளி ஒரு காலைப்பொழுதில் விட்ட ஒரு அடியை, கடதாசித் துண்டொன்றைப் பார்த்துக் கண்டுபிடிக்கிறார்கள். எந்தத் தகடு, எந்த வரிசை, எத்தனையாவது இடம், தகடு புதிதாய் இருந்தபோது அடித்ததா தேய்ந்த பிறகா என்று சொல்லிவிடுகிறார்கள். அரசர் வரலாறு எழுதுகிறவர்கள்கூட இந்தளவு பொறுமையாய்ப் பார்ப்பதில்லை. எங்கள் கேள்வி வேறு. இந்தப் பொறுமை எல்லாம் எந்தக் கைக்குக் கிடைத்தது, எந்தக் கைக்குக் கிடைக்கவில்லை?

இலங்கை முத்திரைக்கு வருவோம். இவற்றில் மூலை எழுத்து இல்லை. எனவே சேகரிப்பாளர்கள் வேறு அடையாளங்களைப் பிடித்துக்கொண்டார்கள். தாளை வெளிச்சத்துக்குப் பிடித்தால் தெரியும் நட்சத்திர நீர்க்குறி ஒன்று. 1861இல் ஓரத்துளை போடத் தொடங்கியபோது துளைகளின் தன்மை இன்னொன்று. சில தாள்களில் துளை சுத்தமாய் வெட்டுப்பட்டிருக்கும், சிலதில் அரைகுறை, சிலதில் ஊசி மழுங்கிக் கடித்துப் பிய்த்தது மாதிரிக் கரடுமுரடாய் இருக்கும். இந்த மூன்றையும் தனித்தனி இனமாகப் பட்டியல் போட்டு விலை வைத்திருக்கிறார்கள். ஒரு மெசினின் ஊசி மழுங்கிய கதைதான், ஆனால் கட்டலொக்கில் மூன்று வரி.

பிறகு ஒரு சண்டை வந்தது. 1861இல் ரோலண்ட் ஹில், அதாவது பென்னித் தபாலை உருவாக்கிய அதே ஹில், தன் உறவினர் ஓமண்ட் ஹில்லின் நண்பர்களுக்காகக் குடியேற்ற நாட்டு முத்திரைகளில் வகைக்கு ஆறு தரும்படி பேர்க்கின்ஸ் பேக்கனைக் கேட்டார். அவர்கள் கொடுத்தார்கள். பாவிக்க முடியாதபடி 'கான்சல்ட்' என்ற சொல்லைக் கோடுகளாலான நீள்வட்டத்துக்குள் வைத்து ஒரு குத்துக் குத்திக் கொடுத்தார்கள். இலங்கை முத்திரைகளும் அதற்குள் அடக்கம். குடியேற்றங்களின் முகவராக இருந்த பென்றோஸ் யூலியன், தன்னைக் கேட்காமல் இது எப்படி நடந்தது என்று கொதித்தார். கடைசியில் தகடுகள் பேர்க்கின்ஸ் பேக்கனிடமிருந்து பறிக்கப்பட்டு டி லா ரூ கொம்பனிக்குப் போயின. 1862இல் டி லா ரூ அதே பழைய தகடுகளிலிருந்து நட்சத்திரம் இல்லாத தாளில் சில பெறுமதிகளை அடித்தது. 1863இலிருந்து முடியும் இரண்டு 'சி' எழுத்துகளும் கொண்ட நீர்க்குறி வந்தது. அந்த எழுத்துகளுக்கு அர்த்தம் முடிக்குரிய குடியேற்றங்கள். இருபது வருசத்துக்குப் பிறகு இரண்டாவது 'சி' போய் 'ஏ' வந்தது. அது முடிக்குரிய முகவர்கள். நாடே தெரியாமல் தாளுக்குள் முதலாளியின் பெயர் இருந்தது.

லண்டன் கந்தோரில் நண்பர்களுக்காகக் குத்திய அந்த 'கான்சல்ட்' முத்திரைகள் இருக்கின்றனவே, அவை ஒரு கடிதத்திலும் ஒட்டப்படவில்லை. ஒரு தபால்பையிலும் போகவில்லை. இலங்கை மண்ணையே காணவில்லை. ஆனால் இன்றைக்கு ஏலத்தில் அவற்றுக்கு எக்கச்சக்க மதிப்பு. அதே ஆண்டில் அதே முத்திரை புளியந்தீவுக் கந்தோருக்கு வந்து, ஒருவர் காசு கொடுத்து வாங்கி, எச்சில் தொட்டு ஒட்டி, கந்தோர்க்காரர் மைக்கட்டையில் சீலைத் தோய்த்து ஓங்கிக் குத்தியிருந்தால், பழைய கட்டலொக் மொழியில் அது 'பாவித்தது'. சீல் அழுத்தமாய் விழுந்திருந்தால் 'கடுமையாகக் குத்துப்பட்டது', விலை இன்னும் இறங்கும். ராணியின் முகம் மறைந்துவிட்டதாம்.

கத்தரிக்கோல் கதையும் இதே மாதிரித்தான். 1859 ஏப்ரலில் நாலு, எட்டு, ஒன்பது பென்ஸ், ஒரு சிலிங் ஒன்பது பென்ஸ், இரண்டு சிலிங் முத்திரைகள் வந்தன. இவற்றின் சட்டம் எண்கோணம். ஓரத்துளை இன்னும் இல்லை. எட்டு மூலை உள்ள ஒன்றைக் கையில் கொடுத்தால் எந்த மனிதனும் என்ன செய்வான்? எட்டு மூலையையும் சுற்றி வடிவாய் வெட்டுவான். இங்கே பலர் அப்படித்தான் வெட்டினார்கள். இன்றைக்கு அந்த வரிசையின் நாலு பென்ஸ் மங்கல் ரோசா இலங்கை முத்திரைகளிலே ஆகப் பேர்பெற்றது. நாலு பக்கமும் வெள்ளை ஓரம் விட்டுச் சதுரமாய் வெட்டியது கிடைத்தால் ஒரு வீடே வாங்கலாம். எட்டு மூலையாய் வெட்டியதென்றால் இடைவெளி நிரப்ப வைத்திருக்கும் துண்டு. அந்தக் கத்தரிக்கோலைப் பிடித்த கை, உளியச்சு அடிக்க மறந்த லண்டன் கை மாதிரி 'இனம்' ஆகவில்லை. 'சேதம்' ஆனது.

எல்லா இலங்கைக் கையும் அப்படி ஒதுங்கிப் போகவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 1872 சனவரி 1 முதல் இலங்கை பவுணை விட்டு ரூபாய்க்கும் சதத்துக்கும் மாறியது. முத்திரைகளும் 2, 4, 8, 16 சதம் என்று வந்தன. பிறகு கட்டணங்கள் மாற மாற, இருப்பில் கிடந்த பழைய முத்திரைகளின் மேல் புதிய பெறுமதியை அடித்து விற்க வேண்டி வந்தது. லண்டனிலிருந்து கப்பலில் புதிது வரும்வரை காத்திருக்க முடியாது. அதனால் 1882இல் தொடங்கி, குறிப்பாக 1885இல், கொழும்பிலேயே ஈயவெழுத்துக் கோத்து மேலச்சு அடித்தார்கள். அங்கே நடந்த கூத்துகள் கட்டலொக்கில் பக்கம் பக்கமாய் இருக்கின்றன. தலைகீழ், இரட்டை, ஒன்று தலைகீழ் ஒன்று நேர் என்று எல்லாம் உண்டு. 1890இல் 15 சத முத்திரையை 5 சதமாக்கியபோது 'ஃபைவ்' என்ற சொல்லில் 'ஐ'க்குப் பதில் 'எல்' கோத்துவிட்டார்கள். 'சென்ற்ஸ்' இல் கடைசி 'எஸ்' தலைகீழாய் நின்றது. ஓரிடத்தில் 'ரெவனியூ' என்ற சொல்லையே காணோம்.

எங்களுக்கு மிகவும் பிடித்தவை இவைதான். டி லா ரூவின் சுத்தமான அச்சில் ராணி கண்ணாடி மாதிரி இருப்பார். அவருக்கு மேலே கொழும்பு அச்சுக்கோப்பாளர் ஒருவரின் அவசரம் கோணலாய் விழுந்திருக்கும். தலைகீழ் 'எஸ்'ஸைப் பார்க்கும்போது, தட்டிலிருந்து எழுத்தைத் தடவி எடுத்துக் கோத்த அந்த விரல் தெரிகிறது. அவர் தமிழரா சிங்களவரா பறங்கியரா தெரியாது. வேலைக்காரர் என்பது தெரிகிறது.

ஆனால் இவை கொழும்பின் கை. மட்டக்களப்பின் கை எங்கே?

சென்ற வருசம் படுவான்கரையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் வீட்டுக்குப் போயிருந்தோம். பழைய பள்ளிக்கூடச் சஞ்சிகைகள் இருக்குமா என்று கேட்டுத்தான் போனோம். சஞ்சிகைகள் இல்லை. அவர் பிஸ்கட் பேணி ஒன்றை எடுத்துவந்தார். 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளியில் கூரை போன வீடு அது. அலுமாரி, புத்தகம், கலியாணப் படம் எல்லாம் தண்ணீரில் போக, இந்தப் பேணி மிஞ்சியதாம். உள்ளே முத்திரைக் கொப்பி. முதல் இரண்டு பக்கமும் விக்டோரியா. பத்துப் பதினைந்து இருக்கும், பெரும்பாலும் ஊதா நிற 5 சதம், சில 2 சதம். ஈரப்பதனில் நிறம் வெளிறி, சிலது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

"இதெல்லாம் எங்கட பூட்டனுக்கு வந்த கடிதத்தில இருந்து எடுத்தது மனே," என்றார்.

"கடிதம் எங்க சேர்?"

அவர் சிரித்தார். "அப்ப நாங்க சின்னப் பொடியன்மார். ஒரு கட்டுக் கடிதம் இருந்திச்சு. தண்ணிக்குள்ள போட்டு ஊறவெச்சி, முத்திரய உரிச்சு எடுத்துப்போட்டு, தாளக் கிழிச்சி எறிஞ்சம். மறுகா யாரு அதத் தேடினா? காணி வழக்குக் கடிதங்கள் எண்டு அப்பா சொன்ன ஞாபகம்."

ஒரு முத்திரையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தோம். வட்டச் சீலின் கால்வாசி அதில் விழுந்திருந்தது. ஊர்ப் பெயரில் நாலு எழுத்து வாசிக்க முடிந்தது: ஐ, சி, ஏ, எல். அது எந்த ஊரின் நடுத்துண்டு என்று எங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. திகதி இருந்த பாகம் கடிதவுறையில் விழுந்திருக்கும். உறை போய்விட்டது. யார் யாருக்கு எழுதியது, எந்தக் காணி, எந்த வருசம், எத்தனை நாளில் போய்ச் சேர்ந்தது, எல்லாம் ஒரு வாளித் தண்ணீரோடு போய்விட்டது. ராணி மட்டும் பத்திரமாய் இருக்கிறார்.

அவரைக் குறை சொல்ல எங்களுக்கு மனமில்லை. முத்திரை சேர்க்கிற எல்லாப் பிள்ளைக்கும் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்ததே இதுதான்: ஊறவை, உரி, ஒற்றுத்தாளில் காயவை, ஒட்டு. முத்திரைதான் பொருள், கடிதம் அதைச் சுற்றிவந்த குப்பை என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? எந்த முத்திரையையும் அச்சடித்த இடத்தின் கண்ணால் பார்க்கும் பழக்கத்திலிருந்து வந்தது. தகடு, நீர்க்குறி, மை, துளை எல்லாம் லண்டனில் முடிந்துவிடுகின்றன. அந்தக் கண்ணுக்கு முத்திரையின் வரலாறு கப்பலில் ஏற்றியவுடன் முடிந்துபோகிறது. எங்களுக்கோ அப்போதுதான் தொடங்குகிறது.

சீல் என்பது அழுக்கு இல்லை என்பதை முத்திரையின் பிறப்பிலேயே பார்க்கலாம். பென்னி பிளாக் ஏன் ஒரு வருசத்துக்குள் சிவப்பாய் மாறியது? கறுப்பு முத்திரையின் மேல் சிவப்பு மையில் சீல் குத்தினார்கள். சனம் சிவப்பு மையைக் கழுவி முத்திரையை மறுபடி ஒட்டத் தொடங்கியது. எனவே 1841இல் முத்திரையைச் சிவப்பாக்கி, சீலைக் கறுப்பாக்கினார்கள். அந்தக் கறுப்பு அழியாமல் நிற்க வேண்டும் என்பதற்காகவே ராணி நிறம் மாறினார். பின்னாளில் டி லா ரூ பாவித்த ஊதாவும் பச்சையும் தண்ணீர் பட்டால் கரைகிற மையாகவே தயாரிக்கப்பட்டன. சீலைக் கழுவப் பார்த்தால் முத்திரையே கெடட்டும் என்ற திட்டம். பிஸ்கட் பேணிக்குள் வெளிறிக் கிடந்த ஊதா 5 சதங்களுக்குச் சூறாவளி மட்டும் காரணமாய் இருக்காது. பொடியன்மாரின் வாளித் தண்ணீருக்கும் பங்குண்டு.

உலகச் சேகரிப்பாளர்களிலும் இப்போது ஒரு பகுதியினர் மாறிவிட்டார்கள். அவர்கள் தபால் வரலாறு என்கிறார்கள். முழுக் கடிதத்தைத் தேடுகிறார்கள், சின்ன ஊர்களின் சீலுக்கென்றே தனிக் கொப்பி வைத்திருக்கிறார்கள். மட்டக்களப்புச் சீல் தெளிவாய் விழுந்த விக்டோரியா முத்திரைக்கு வெளிநாட்டு ஏலங்களில் இன்று ஆள் இருக்கிறது. இது நல்லதும் கெட்டதும். கடிதத்தைக் கிழிக்கமாட்டார்கள் என்பது நல்லது. ஆனால் காசு தெரிந்தவுடன் பழைய பெட்டிகள் இங்கிருந்து கிளம்பிவிடும். போனவை திரும்பி வருவதில்லை.

ஒரு முழுக் கடிதவுறை என்னவெல்லாம் சொல்லும் என்று யோசித்துப் பாருங்கள். முன்பக்கச் சீலில் ஊரும் திகதியும். பின்பக்கத்தில் வழியில் தங்கிய கந்தோர்களின் சீலும், போய்ச் சேர்ந்த இடத்தின் சீலும். இரண்டு திகதிக்கும் நடுவில் உள்ள நாட்களை எண்ணினால், அந்த மாதத்தில் பாதை எப்படி இருந்தது என்று தெரியும். மார்கழி வெள்ளத்தில் எத்தனை நாள் கூடியது, கோடையில் எத்தனை நாள் குறைந்தது என்று பத்துக் கடிதம் இருந்தால் ஒரு கணக்கே போடலாம். ஒட்டிய முத்திரையின் பெறுமதி, கடிதம் எவ்வளவு கனம், எவ்வளவு தூரம் போனது என்பதைச் சொல்லும். 1877 ஏப்ரலில் இலங்கை சர்வதேசத் தபால் சங்கத்தில் சேர்ந்த பிறகு வெளிநாட்டுக் கட்டணம் எப்படி மாறியது என்பதைச் சட்டப் புத்தகத்தில் இல்லாமல், ஒரு வீட்டின் செலவில் பார்க்கலாம். மேல்விலாசம் தமிழில் எழுதியிருக்கிறதா, ஆங்கிலத்திலா, இரண்டிலுமா? தமிழில் எழுதிய விலாசத்துக்குப் பக்கத்தில் கந்தோர்க்காரர் ஆங்கிலத்தில் ஏதும் கிறுக்கியிருக்கிறாரா? ஊர்ப் பெயர்களை அன்றைக்கு எப்படி எழுத்துக்கூட்டினார்கள்? காத்தான்குடி, ஏறாவூர், வாழைச்சேனை, மண்டூர் எல்லாம் கச்சேரிப் பதிவில் ஒருமாதிரியும் சனத்தின் கையெழுத்தில் வேறுமாதிரியும் இருக்கும்.

இந்த வாவிக்கரையில் கடதாசி நிலைப்பது அபூர்வம். உப்புக்காற்று, கறையான், வெள்ளம் ஒருபக்கம். 1978 சூறாவளி, முப்பது வருச யுத்தம், இடம்பெயர்ந்து ஓடிய நாட்கள், 2004 டிசம்பர் 26 சுனாமி இன்னொருபக்கம். சனம் உயிரையும் பிள்ளைகளையும் காணி உறுதியையும் தூக்கிக்கொண்டு ஓடியது. கடிதக்கட்டைத் தூக்க யாருக்கு நேரம்? அதனால் எழுவான்கரையிலோ படுவான்கரையிலோ ஒரு வீட்டில் இன்னும் ஒரு கட்டுப் பழைய கடிதம் இருக்கிறதென்றால், அது எத்தனை அழிவைத் தாண்டி வந்திருக்கிறது என்று நினைத்துப் பாருங்கள். பென்னி 77 மாதிரி அதுவும் விரல் விட்டு எண்ணக்கூடியதுதான். எந்தக் கட்டலொக்கிலும் அதற்கு எண் இல்லை, அவ்வளவே.

எனவே உங்கள் அம்மம்மாவின் றங்குப்பெட்டியில் அப்படி ஏதும் கிடைத்தால் செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். முத்திரையை உரிக்க வேண்டாம். தண்ணீர் காட்ட வேண்டாம். கிழிந்த இடத்தில் செலோரேப் ஒட்ட வேண்டாம், பத்து வருசத்தில் அது மஞ்சளாகித் தாளையும் தின்றுவிடும். லமினேற் செய்யவே வேண்டாம். பிளாஸ்ரிக் உறைக்குள் இறுக்கி வைத்தால் எங்கள் ஊர் ஈரப்பதனுக்குப் பூஞ்சணம் பிடிக்கும், சாதாரண வெள்ளைத் தாளுக்குள் மடித்து உலர்ந்த இடத்தில் வைத்தால் போதும். கட்டிக் கிடந்த வரிசையைக் குழப்பாதீர்கள், எதற்குப் பிறகு எது வந்தது என்பதும் ஒரு தகவல். யாருடைய வீட்டில், யார் யாருக்கு எழுதியதாய்ச் சொல்கிறார்கள் என்பதை வேறொரு தாளில் பென்சிலால் எழுதி உடன் வையுங்கள், சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே.

முத்திரையைத் தனியே கிட்டப் பிடித்துப் படமெடுப்பதற்கு முன், பக்கத்தில் அடிமட்டம் ஒன்றை வைத்து முழு உறையையும் எடுங்கள். எடுத்த கையோடு திருப்பிப் பின்பக்கத்தையும் எடுங்கள். போய்ச் சேர்ந்த ஊரின் சீல் அனேகமாய் அங்கேதான் இருக்கும்.